தொண்ணூற்று ஒன்பதாயிரம் மங்கு

சுகுமாரனுக்கு அந்த வீட்டில் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ராஜ்ஜியம்தான் இருந்தது. ஹாலில் ஏர்கண்டிஷனுக்கு நேர் கீழே கிடந்த சாப்பாட்டு மேசை. மகள் பினாங்கில் படிக்கப் போன நாளிலிருந்து அந்த மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. சாப்பிடவும் முடியாது. சோற்றுத் தட்டை வைத்தால் சால்டரிங் கம்பியின் மேல்தான் வைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வருஷமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில்தான் சாப்பிட்டார்கள்.

மேசையில் இருந்தவை கேம்பாய்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்த, சாம்பல் நிறத்து விளையாட்டுப் பெட்டிகள். பெட்டியின் முதுகில் ஒரு கேட்ரிட்ஜைச் சொருகினால் விளையாட்டு ஓடும். கடையில் விற்ற கேட்ரிட்ஜில் ஒரு விளையாட்டுதான் இருக்கும். சுகுமாரன் தன் கேட்ரிட்ஜைத் தானே செய்வார். பலகையை ஆன்லைனில் வரவழைத்து, மெமரி சிப்பைக் கால் காலாக ஈயம் வைத்து ஒட்டி, லேப்டாப்பிலிருந்து எந்த விளையாட்டை வேண்டுமானாலும் அதில் ஏற்றுவார், அழிப்பார், மறுபடி ஏற்றுவார். ஒன்று செய்து முடித்ததும் அதைவிட நல்லதாக இன்னொன்று. இப்படிப் பதினோராவது கேட்ரிட்ஜ் வரை வந்துவிட்டார்.

"எதுக்குங்க பதினோரு? வெளையாடுறது நீங்க ஒரு ஆளு" என்று துளசி ஒரு தடவை கேட்டாள்.

"இது வெளையாட்டு இல்ல துளசி. தொழில்நுட்பம்."

"வெளையாட்டுப் பெட்டிக்குள்ள சொருகுறது வெளையாட்டு இல்லாம காய்கறியா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தபோதெல்லாம் சுகுமாரன் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். இவர் வாசலில் நின்றுகொண்டு, இது ரீடர், இதில் கேட்ரிட்ஜைச் சொருகினால் உள்ளே இருப்பதெல்லாம் லேப்டாப்பில் தெரியும் என்று விளக்குவார். அவள் "ம்" என்பாள். இன்னும் கொஞ்சம் விளக்குவார். இன்னொரு "ம்" வரும். அந்த "ம்"முக்குக் காதில் விழவில்லை என்று அர்த்தம் என சுகுமாரன் முடிவு கட்டியிருந்தார். இருந்தாலும் விளக்குவதை நிறுத்தவில்லை. அவர் பேச்சைக் கேட்க ஈப்போவில் வேறு யார் இருந்தார்கள்?

அவர் தொழில் ஏர்கண்டிஷன் மாட்டுவது. லூமுட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை ஊரையெல்லாம் குளிர வைத்துவிட்டு, சாயங்காலம் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து, தானே மாட்டிய ஏர்கண்டிஷனின் கீழே தன் மேசையில் உட்காருவார். ஆண்டவன் வந்து வேறென்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரு தேத்தண்ணி மட்டும் கேட்டிருப்பார்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துளசி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அடுத்த சனிக்கிழமையிலேருந்து ஆரி வகுப்பு ஆரம்பிக்கப் போறேன். ரவிக்கையில பூவேலை. ஆறு பேரு சேந்துட்டாங்க."

"நல்லது, நல்லது. எங்க வச்சி?" சுகுமாரன் சிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பின்ரூமுல."

சால்டரிங் கம்பி அப்படியே நின்றது.

அந்தப் பின்னறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேலே தகரக் கூரை. மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் வெயில் உள்ளே வந்து குடித்தனம் நடத்தும். ஃபேன் கிடையாது. போன வருஷம் துளசி, "ஒங்க சாமானையெல்லாம் அங்க கொண்டு போயி வச்சிக்குங்களேன்" என்றபோது, "என்னைக் கருவாடு போடப் பாக்குறியா?" என்று கத்தியவர் இதே சுகுமாரன்தான். அதன்பிறகு காலிப் பெட்டியை வீசுவதற்குத் தவிர அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆனால் இப்போது அவள் கேட்கிறாள் என்றதும் அது பின்னறையாகத் தெரியவில்லை. அடிமடியில் கை வைத்த மாதிரி இருந்தது.

"பின்ரூமு எனக்கு வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"ஸ்டாக் வைக்க."

"என்னா ஸ்டாக்கு? காலி பெட்டி. கரப்பான்பூச்சி கூட வீடு மாறிப் போயிருச்சி."

"இன்னைக்கு காலி லா. நாளைக்கு நெறையும். இன்னைக்கு ரூமக் கேக்குற, நாளைக்கு மேசையக் கேப்ப."

"சரி, போட்டி வச்சிக்குவோம்" என்றாள் துளசி. "ஒங்க வெளையாட்டுலயே. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு யாரு ஸ்கோரு மேல இருக்கோ அவங்களுக்கு ரூமு."

சுகுமாரனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் சொன்ன விளையாட்டு அவரே எழுதியது. ரப்பர் தோட்டத்து விளையாட்டு. பால்மரம் வெட்டுகிறவர் நிரை நிரையாக ஓடி, மழை வருவதற்குள் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் நிறைந்த பாலைச் சேகரிக்க வேண்டும். நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கங்காணியான மண்டோர் வந்து குறுக்கே நிற்பார். ஒரு மங்கு பாலுக்கு ஒரு புள்ளி. மழைத்துளி மேலே பட்டால் ஆட்டம் முடிந்தது. எழுதியவரின் உச்ச ஸ்கோர் ஆயிரத்து எண்ணூற்று அறுபது மங்கு. துளசி அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துத் தூசு துடைத்ததோடு சரி.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு ராமையா ஒரு செம்படாக் பழத்தோடு உள்ளே வந்தார். கோப்பெங்கில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். வாய் கொஞ்சம் குறைவு, காது கொஞ்சம் அதிகம்.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. சாட்சி வேணும்" என்றாள் துளசி.

"எதுக்குமா?"

"நான் தோத்துருவேன் அண்ணே. பொறவு எனக்குன்னு ஒரு மூலை கூட இல்லாமப் போயிரும்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

சுகுமாரனுக்கு மனசு இளகிவிட்டது. ஜெயிக்கப்போகிறவனுக்கு ஒரு பெருந்தன்மை வேண்டாமா?

"அப்பிடியெல்லாம் விட்டுருவேனா? ஜெயிச்சவங்க சாமான் மொத்தமும் பின்ரூமுக்குள்ள. தோத்தவங்களுக்கு மிச்ச வீடு பூரா. போதுமா?"

"மேசையோடயா?"

"மேசையோட, சோபாவோட, எல்லாத்தோடயும்! எழுதுங்க அண்ணே!"

ராமையா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதினார். சுகுமாரன் கையெழுத்துப் போட்டார். துளசியும் போட்டாள். ராமையா சுகுமாரனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது மரியாதை என்று சுகுமாரன் எடுத்துக்கொண்டார்.

போட்டி நியாயமாக நடக்க வேண்டுமென்று அன்றைக்கே கேட்ரிட்ஜைப் புதுப்பித்தார். பதினோராவது கேட்ரிட்ஜில் ஸ்கோரை நினைவில் வைத்திருக்க காசு அளவில் ஒரு பேட்டரி இருந்தது. பெட்டி கீழே விழுந்து பேட்டரி அசைந்தால் ஸ்கோர் போய்விடும். அதைக் கழற்றிவிட்டு, பேட்டரியே வேண்டாத புதுவகை மெமரி சிப்பை ஒட்டினார். பன்னிரண்டாவது கேட்ரிட்ஜ் பிறந்தது.

"இனிமே கீழ விழுந்தாலும் மறக்காது. இதுல எழுதுனா எழுதுனதுதான்" என்றார்.

துளசி "ம்" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து பெட்டியைத் தட்டினார். திரையில் முதல் வரியில் 'துளசி 2400' என்று இருந்தது. சுகுமாரன் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"இது நீ போட்டதா?"

"பின்ன, மண்டோரு போட்டதா?"

அன்று இரண்டு மணி நேரம் தட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் மழை பெய்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை 'துளசி 5200'. சுகுமாரன் கட்டைவிரலில் கொப்புளத்தோடு இரண்டாயிரத்து ஐம்பதைத் தொட்டார். புதன்கிழமை 'துளசி 9800'. தான் பெற்ற பிள்ளை தன்னைவிட இன்னொருத்தரிடம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரூம நீயே எடுத்துக்க துளசி. என்னால முடியாது."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"என்னங்க, அதுக்குள்ளயா? இன்னும் மூணு நாளு இருக்கே!"

"மூணு மாசம் இருந்தாலும் ஒம்பதாயிரம் எட்டாது, சூசா லா."

"அப்பிடிச் சொல்லாதீங்க. ஒங்க கையால செஞ்ச வெளையாட்டு. மனச விட்டுறாதீங்க."

என்ன தங்கமான பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டே படுக்கப் போனார். போட்டியாளருக்குத் தைரியம் சொல்லும் ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும்?

வியாழக்கிழமை சாயங்காலம் ஆசையில்லாமல்தான் பெட்டியைத் தட்டினார். 'துளசி 2600' என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே 2600.

"நேத்து ஒம்பதாயிரத்துச் சொச்சம் இருந்துச்சே?"

"இருந்துச்சா? நீங்கதான சிப்பு மாத்துனீங்க, ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சுகுமாரனுக்கு முகம் வெளுத்தது. ஒட்டிய கால் சரியாக ஒட்டவில்லை! புது சிப் ஸ்கோரைக் கசியவிடுகிறது! மறக்கவே மறக்காது என்று இவளிடம் மார் தட்டிச் சொன்னோமே, தெரிந்தால் மானம் போகுமே என்று கேட்ரிட்ஜைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நன்றாக இருந்த இரண்டு கால்களை மறுபடியும் ஒட்டினார். இருபத்தெட்டுக் கால் உள்ள சிப்பில் தப்பைத் தேடிய மனிதர், இரண்டு கால் உள்ள ஆள் ஒருத்தியைச் சந்தேகிக்கவே இல்லை. வேறு யாராவது இப்படி ஒரு கதையைக் கொண்டுவந்திருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார். தன் கையால் ஒட்டியது என்றால் அவருக்குத் தன்மேல்தான் முதல் சந்தேகம்.

ஆனால் 2600 என்ற எண் வயிற்றில் பால் வார்த்தது. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். அன்று ராத்திரி சோபாவில் குந்திக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினார். இரண்டாயிரத்து நானூற்று ஐம்பதில் அந்தப் பாழாய்ப்போன மண்டோர் குறுக்கே வந்துவிட்டார். இன்னும் நூற்றைம்பது மங்குதான்.

வெள்ளிக்கிழமை காலை துளசி குளிக்கப் போனாள். சுகுமாரன் மேசைக்கு வந்தார். இதுவரை அந்த எண்ணம் அவருக்கு வந்ததில்லை என்று சொன்னால் பொய். வந்தது, விரட்டினார். இப்போது விரட்டவில்லை. கேட்ரிட்ஜை ரீடரில் சொருகினார். சோதனைக்காக அவரே எழுதி வைத்திருந்த சின்ன நிரல் ஒன்று லேப்டாப்பில் இருந்தது. திறந்தால் ஒரு கட்டத்தில் பெயர், ஒரு கட்டத்தில் ஸ்கோர், கீழே 'எழுது' என்று ஒரு பொத்தான். தன் பெயரைப் போட்டு 2601 என்று தட்டினார். ஒரே ஒரு மங்குதானே என்று மனசாட்சியிடம் சமாதானம் பேசினார். பிறகு, பகலில் அவள் விளையாடி 2602 போட்டுவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. குளியலறையில் தண்ணீர் நின்றது. அவசரத்தில் விரல் ஒன்பதின் மேலேயே நின்றுவிட்டது. ஐந்து இடம் கொள்ளுமட்டும் ஒன்பது. 'எழுது' என்பதைத் தட்டிவிட்டு வேனுக்கு ஓடினார்.

அன்று முழுவதும் தெலுக் இந்தானில் ஒரு கடையில் ஏர்கண்டிஷன் மாட்டினார். மனசு அங்கே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழே இருக்கிறவளை ஏமாற்றிவிட்டோமே என்று உள்ளுக்குள் குத்தியது. வரும் வழியில் அவளுக்குப் பிடித்த சீ சொங் ஃபன் இரண்டு பொட்டலம் தப்பாவ் பண்ணி வாங்கி வந்தார். அவள் இரண்டையும் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ராமையா அட்டை மூடியோடு வந்தார். துளசி பெட்டியை நடுவில் வைத்தாள். சுகுமாரன் தட்டினார். திரை விழித்தது.

'சுகு 99999.'

ராமையா இருமினார்.

"அம்மாடி!" துளசி கன்னத்தில் கை வைத்தாள். "தொண்ணூத்து ஒம்பதாயிரத்துச் சொச்சமா! எப்பிடிங்க?"

"கைப் பழக்கந்தான்" என்றார் சுகுமாரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நான் தோத்துட்டேன் அண்ணே" என்றாள் துளசி. தோற்றவளுக்கு இருந்த சுறுசுறுப்பு ஜெயித்தவருக்கு இல்லை. அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் மேசையில் இருந்ததெல்லாம் பெட்டிகளுக்குள் போனது. சிப்பு, கம்பி, ஈயம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் முன்னாலேயே சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கூட சுகுமாரனுக்கு உறைக்கவில்லை. ஜெயித்த ஆள் என்ற முறையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தானே பெட்டிகளைப் பின்னறைக்குச் சுமந்தார். நாலு நடை. மூன்றாவது நடையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நாலாவது நடை முடிந்து வெளியே வந்தபோது ராமையா தன் லாரியிலிருந்து ஒரு மரச்சட்டத்தை இறக்கிக்கொண்டிருந்தார். எட்டடி நீளம், நாலடி அகலம், தேய்த்து மெருகேற்றிய ஆரிச் சட்டம். துணியை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பூவேலை செய்கிற மாதிரி.

சுகுமாரனுக்கு ஐயோ பாவம் என்றிருந்தது.

"அண்ணே, திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க. அவதான் தோத்துட்டாளே. ரூமு இல்ல."

"எங்க தம்பி எடுத்துட்டுப் போறது?" என்றார் ராமையா. "ஹாலுக்கு அளவு எடுத்துச் செஞ்சது. ஒங்க பின்ரூமு கதவுல இது நொழையவே நொழையாது."

"ஹாலுக்கா? எப்ப அளவு எடுத்தீங்க?"

"போன மாசமே எடுத்தாச்சே. தங்கச்சிதான் ஓடர் குடுத்துச்சி."

சுகுமாரன் ஹாலைப் பார்த்தார். ஏர்கண்டிஷனைப் பார்த்தார். அட்டை மூடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் துளசியைப் பார்த்தார். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசையின் நிறம் பழுப்பு என்பது மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் தெரிந்தது.

தான் ஏமாந்தது புரிந்தாலும், வெள்ளிக்கிழமைக் குத்தல் இன்னும் போகவில்லை. எப்படியும் தோற்றாகிவிட்டது, பாவத்தையாவது இறக்கி வைப்போம் என்று வாயைத் திறந்தார்.

"துளசி, ஒரு உண்மையச் சொல்லிர்றேன். அந்த ஸ்கோரு நான் வெளையாடிப் போட்டது இல்ல. லேப்டாப்புல எழுதுனது."

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று காத்திருந்தார். அவள் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"பின்ன, என்னுது வெளையாடிப் போட்டதா?"

"என்னது?"

"எனக்கு அந்தப் பெட்டிய எப்பிடிப் புடிக்கிறதுன்னே தெரியாது. ரீடர்ல சொருகுறது, நம்பர மாத்துறது, எழுதுன்னு இருக்குறதத் தட்டுறது. அவ்வளவுதான? மூணு வருஷமா வெங்காயம் நறுக்கையிலல்லாம் சொன்னீங்களே."

"அப்ப வியாழக்கிழமை கொறஞ்சது?"

"புதன்கிழமை நீங்க விட்டுர்றேன்னு சொன்னதும் நான் பயந்துட்டேன். நான் ஜெயிச்சிட்டா அந்த அடுப்புக்குள்ள ஆறு பொம்பளைய எப்பிடி உக்கார வைக்கிறது? அதான் கொறச்சேன். உச்ச ஸ்கோரு எங்கயாச்சும் எறங்குமாங்க? ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

"சிப்பு கசியுதுன்னு நெனச்சேன்" என்றார் சுகுமாரன், சின்னக் குரலில்.

ராமையா சட்டத்தின் பின்னால் குனிந்துகொண்டார். அவர் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது.

சுகுமாரனுக்குக் கோபம் வர வேண்டும். வந்திருக்க வேண்டிய கோபம்தான். ஆனால் அவருக்கு வேறொன்று வந்தது. மூன்று வருஷமாக அவர் சொன்னதெல்லாம் வெங்காயத் தோலோடு குப்பைக்குப் போகவில்லை. ஒருத்தி ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். கேட்டது மட்டுமா, கேட்ரிட்ஜைச் சொருகும் பக்கம் கூடத் தப்பாமல் செய்திருக்கிறாள். ஈப்போவில் இதைச் செய்யத் தெரிந்த இன்னொரு ஆள் தன் வீட்டிலேயே இருக்கிறாள் என்று நினைக்க அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

"தேத்தண்ணி போடவா?" என்று கேட்டாள்.

"போடு" என்றார்.

மூன்று மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. ஆறு பெண்களும் ஹாலில் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஏர்கண்டிஷன் போதாதென்று இரண்டு ஃபேனும் சுற்றின. பின்னறையில் சுகுமாரன் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி, பதின்மூன்றாவது கேட்ரிட்ஜை ஆரம்பித்திருந்தார். இதில் ஸ்கோரை யார் மாற்றினாலும் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. ஹாலில் துளசி ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கும் சத்தம் கேட்டது. அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மூக்கிலிருந்து ஒரு வேர்வைத் துளி சரியாகச் சிப்பின் மேல் விழுந்தது. துடைத்தார். இன்னொன்று விழுந்தது.

"துளசி!" என்று கூப்பிட்டார். "இங்க காத்தே இல்ல. அங்க ரெண்டு ஃபேனு ஓடுதே, ஒன்னு குடேன் லா."

"குடுக்கலாமே" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "போட்டி வச்சிக்குவோமா?"

சுகுமாரன் சத்தம் போடாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார்.